ஈரம் காயாத ஒப்பந்தங்கள்

மதிய வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் கப்பல் கம்பெனியின் பழைய கிடங்குக்கு வந்து சேர்ந்தாள். ஆவணப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். மேனேஜர் சொன்ன வேலை சின்னதுதான்: புயலில் மூழ்கிய சரக்குக் கப்பலின் மாலுமிகளுடைய வேலை ஒப்பந்தங்களை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். சட்டப்படி இன்னும் பல வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காகிதங்கள். அவை இல்லையென்றால் செத்தவர்கள் அங்கே வேலை பார்த்ததற்கே சாட்சி கிடையாது. குடும்பங்களுக்கு நஷ்டஈடும் கிடையாது. அதைப் பல் குத்திக்கொண்டே சொன்னார் மனுஷன். அது தப்பென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வேலை போய்விடுமே என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம். அழுகிய மீனும் நாள்பட்ட வியர்வையும் கலந்த நாற்றம். மழையே பார்க்காத கிடங்கில், மூழ்கிய கப்பலின் கோப்புகள் இருந்த அலமாரி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் கோப்பை இழுத்தாள். சளி மாதிரி ஏதோ விரலிடுக்கில் வழிந்தது. கப்பல் சமையல்காரர் ஒருவரின் ஒப்பந்தம். கைநாட்டு வைத்த இடத்தில் மை இல்லை.

தோல் இருந்தது.

வெளுத்து, ஊறி, பெருவிரல் ரேகையோடு உரிந்து ஒட்டியிருந்த தோல்.

அலமாரியைப் பிடித்தபடி வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ மூச்சுவிடுவது போலக் கொப்பளிக்கும் சத்தம்.

"தங்கச்சி... என் பேரு இருக்கா?"

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்குண்ணே. நான் கிழிக்க மாட்டேன்."

சத்தம் நின்றது.

கோப்புகளை வாரி மூட்டையாகக் கட்டி, நேராகத் துறைமுக ஆய்வாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே பிரித்தபோது எல்லாம் மொறமொறப்பான காகிதம். பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன. யார் கொடுத்தது என்று ஆய்வாளர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. கம்பெனி வேறு வழியில்லாமல் குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது. மேனேஜரின் சீட்டும் கிழிந்தது. எதைத் தின்றாலும் பிண வாடை அடிக்கிறது என்று அவர் துப்பிக்கொண்டே திரிவதாகப் பியூன் வந்து சொன்னான்.

புது மேனேஜர் வந்த முதல் நாளே அவளைக் கூப்பிட்டார். இன்னொரு பழைய கப்பலின் மாலுமிக் காகிதங்கள் சும்மா இடத்தை அடைக்கின்றன, சத்தமில்லாமல் ஒழித்துக்கட்டிவிடலாம் என்று சிரித்தபடி சொன்னார். சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

முகத்தைச் சுளித்தார்.

"தண்ணி ஏன் இப்படிக் கரிக்குது?"

வாய்க்குள் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். ஈரத் தலைமுடி.

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.