ஆடிக்கும் தைக்கும் நடுவே ஒரு கப்பல்

ஆடி முதல் தேதி எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அடுக்களைக்குப் போய், குரலைப் பதிந்து வைக்கும் சொல்பெட்டியை அமுக்குவது. அரை வருடம் படுத்துக் கிடந்த கால்கள் அவ்வளவு தூரம் நடக்கவே தள்ளாடும். என்றாலும் ஃபெலிசிட்டாவின் குரலைக் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கும்.

"வடிவக்கா, எந்திரிச்சிட்டீங்களா? மாவடு மேல் தட்டுல இருக்கு. அரசி பரிச்சை நல்லா எழுதிட்டா. கப்பல் விசயத்துக்கு வாரேன். மேல்தளத்துல அறை கேட்டீங்கள்லா, எனக்குச் சம்மதம். இவருக்குத்தான் தலை சுத்துமாம். சுத்துனா சுத்தட்டும், பாத்துக்கிடலாம். அப்புறம், பிள்ளை யார் அறையில படுக்கும்னு கேட்டிருந்தீங்க. உங்க அறையிலயே படுக்கட்டும்க்கா. இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்காதீங்க. மார்கழிக் கடைசில நேர்லயே பேசிக்கிடலாம்."

அறையைப் பற்றி நான் கேட்டது போன மார்கழியில். நான் பெட்டியில் பேசி வைப்பதை அவள் தையில் கேட்பாள். அவள் சொல்லும் பதில் ஆடியில்தான் என் காதுக்கு வரும். இப்படியே இரண்டு ஜோடிகளும் சேர்ந்து ஒரு கப்பல் பயணத்துக்கு வருடக்கணக்காகத் திட்டம் போட்டோம். அந்தமானா, மாலைத்தீவுகள் இருந்த இடமா என்று முடிவு செய்வதற்குள்ளேயே எங்கள் பிள்ளை அரசி பள்ளி மாறிவிட்டாள். மீனில்லாமல் ஒரு வேளையும் ஓடாது என்று அவளுடைய வீட்டுக்காரர் ரெக்ஸ் தம்பி சொல்லியனுப்பினார். அப்படியானால் எனக்குத் தனி மேசை வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இசக்கிராஜா பதில் பேசினார். அந்தப் பேச்சு தீர மூன்று வருடம் ஆனது.

ஃபெலிசிட்டாவும் ரெக்ஸும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பின்னறையில், துயிற்பேழைக்குள். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது நான்தான். அவளுடைய இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, எப்படி வந்ததென்று நான் கேட்டதில்லை. எங்கள் பேழைகளை அவள் அதே மாதிரி துடைப்பாள். விழித்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஆற்றில் கடல் ஏறி, வயலும் குடிநீரும் பாதியாகச் சுருங்கிய காலத்தில் வந்த ஏற்பாடு இது. ஊரில் பாதிப் பேர் தை முதல் ஆனி வரை விழித்திருப்பார்கள், மீதிப் பேர் ஆடி முதல் மார்கழி வரை. அரசு இதற்குப் பருவத்துயில் என்று பெயர் வைத்தது. தூத்துக்குடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிடப்பு என்றால் போதும். ஒரு வீட்டுக்குத் தை அணியில் ஒரு ஜோடி, ஆடி அணியில் ஒரு ஜோடி. ஒரே கட்டில், ஒரே பாத்திரம். ஒரே பிள்ளை.

வளர்கிற உடம்பைக் கிடப்பில் போடக் கூடாது. அதனால் முத்தரசி வருடம் முழுக்க விழித்திருந்தாள், அரை வருடம் எங்களோடு, அரை வருடம் அவர்களோடு. பெற்றவள் ஃபெலிசிட்டா. பிள்ளைக்கு இரண்டு மாதமானபோது அவளுடைய முறை முடிந்தது. நான் எழுந்தேன், செவிலி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு எனக்கு வேறு பிள்ளை கேட்க உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. அரசிக்கு நாங்கள் இருவருமே அம்மாதான். பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் தையம்மா, ஆடியம்மா என்பாள்.

இந்த வருடம் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இனி அவளும் ஏதாவது ஓர் அணியில் சேர்ந்தாக வேண்டும். தை என்றால் தைதான், ஆடி என்றால் ஆடிதான், பிறகு மாற்ற வழியில்லை. எந்த ஜோடியோடு விழிக்கிறாளோ அவர்களோடு வாழ்வாள். மற்ற இருவரும் ஆயுசுக்கும் அவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த முடிவுக்கு முன்னால் அரசு காட்டுகிற ஒரே இரக்கம் கூட்டுப் பயணம். கப்பல் தனக்கு வேண்டிய நீரைக் கடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, மீனும் பாசியும் அங்கேயே விளைகின்றன. அதனால் நிலத்தில் முடியாத ஒன்று அங்கே முடியும். நான்கு பேரும் ஒரு மாதம் சேர்ந்து விழித்திருக்கலாம். இறங்கும் நாளில் பிள்ளை தன் அணியைச் சொல்ல வேண்டும்.

"ஃபெலிசி ஏன் பிள்ளைய நம்ம அறைக்கு விட்டுக் குடுக்கா?" என்று இசக்கிராஜா கேட்டார்.

"பெருந்தன்மைதான். வேற என்ன?" என்றேன். நானும் கப்பலில் அதையேதான் சொல்வதாக இருந்தேன், பிள்ளை அவர்களோடு படுக்கட்டுமென்று. அவள் முந்திக்கொண்டாள்.

நான் அதற்கும் மேலே, அரசி தை அணியிலேயே சேரட்டும் என்று முடிவு செய்திருந்தேன். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு அவளுடைய பேழைக் கண்ணாடியை எந்த முகத்தோடு துடைப்பேன்? இசக்கிராஜா அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல். அரசி சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"ஏட்டி, கப்பல்ல அதிகாரி கேக்கும்போது தைன்னு சொல்லிரு."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"பெத்தவ அவ. அதுதான் நியாயம்."

"அப்ப நீங்க?"

"எனக்கென்னட்டி? உங்கப்பா இருக்காரு, பேசிப் பேசியே பொழுத ஓட்டிருவாரு."

அவள் சிரிக்கவில்லை.

"பங்குனில தையம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வர்ற வழில இதையேதான் சொன்னாங்க. ஆடின்னு சொல்லிருட்டி, நான் பெத்ததோட சரி, மழையில காய்ச்சலு இழுப்புன்னு கெடந்தப்பல்லாம் உன்னைத் தூக்கிச் சுமந்தவ அவதான்னு."

அறையை விட்டுக் கொடுத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"நாலு பேர் இருக்கீங்க," என்றாள். "ஒருத்தராவது, என் கூட இருந்துருட்டின்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டேன். "இருந்துரு தாயி. என் கூடவே இருந்துரு. நான் கூறுகெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லாதீங்கம்மா." அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கப்பல்ல எனக்கு அறையே போடாண்டாம். நான் வேலைக்குச் சேந்துட்டேன். நம்ம போற கப்பல்லயே, எந்திரப் பிரிவுல. சித்திரையிலயே கைரேகை வச்சாச்சு."

"ஆடி மாசம் நான் எந்திரிச்சதும் ஏன் சொல்லல?"

"நீங்களாவது வேற மாதிரி கேப்பீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

கப்பலில் வேலை செய்கிற கடலணிக்குக் கிடப்பு கிடையாது. நிலத்து நீரைக் குடிக்காதவர்களை நிலத்துச் சட்டம் படுக்கச் சொல்வதில்லை. கப்பல் வருடத்துக்கு இரண்டு முறை தூத்துக்குடிக்கு வருமாம், மாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை. ஒரு முறை அவர்களைப் பார்க்கலாம், ஒரு முறை எங்களை. யாரையும் விட வேண்டியதில்லை என்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். சமாதானம் சொல்ல வேண்டியவள் நான்.

விஷயத்தைக் கேட்டதும் இசக்கிராஜா எழுந்து போய் முற்றத்தில் மழையில் நின்றார். நான் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்கும் அப்படி எங்காவது நிற்க வேண்டும் போலத்தான் இருந்தது.

கிடப்பில் உடம்பு மூப்பதில்லை. எங்களுக்கு வருடத்துக்கு அரை வயதுதான் ஏறும், கடலணிக்கு முழு வயது. அவளை மடியில் வாங்கியபோது எனக்கு முப்பது, இப்போது முப்பத்தொன்பது, அவளுக்குப் பதினெட்டு. இப்படியே போனால் என்னுடைய அறுபதும் அவளுடைய அறுபதும் ஒரே வருடத்தில் வரும். அதற்குப் பிறகு என் மகள் எனக்கு மூத்தவள். ஏதோ ஒரு புரட்டாசியில் நான் துறைமுகத்துக்குப் போவேன், கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு கிழவி இறங்கி வந்து என்னை அம்மா என்பாள். இன்னொரு புரட்டாசியில் கப்பல் வரும், யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

ஃபெலிசிட்டாவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளையை எனக்குக் கொடுத்துவிட்ட நிம்மதியில் பின்னறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மார்கழிக் கடைசியில், கப்பலின் மேல்தளத்தில், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அவள் முதன்முறையாக என் முன்னால் கண் திறந்து நிற்பாள். அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளையை அநாதையாக்கிவிட்டோம் என்று நான் அவளிடம் சொல்ல வேண்டும்.