பனிக்குள் திரும்பும் வாய்கள்

ஒன்றுகூடப் புரண்டு கிடக்கவில்லை.

உல்லா திரையை நெருங்கிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பரப்பில் ஆயிரக்கணக்கான புரதத் துகள்கள், எல்லாம் ஒரே வாக்கில், வாய் மேலே பார்க்க நிமிர்ந்து கிடந்தன. நொடியில் உறையவைத்த நீருக்குள் அவை கொட்டிய புளியங்கொட்டை மாதிரி ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, ஒன்று ஒருக்களித்து என்று சிதறிக் கிடக்க வேண்டும். எல்லாப் பக்கத்துப் படங்களும் கிடைத்தால்தான் முழு உருவத்தைக் கட்ட முடியும். முகத்தை மட்டுமே எடுத்துத் தள்ளினால் முதுகை எங்கே போய்ப் பார்ப்பது?

மனித மூளைச் செல்களின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு ஏற்பி அது. எல்லோர் தலைக்குள்ளும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஏதோ ஒன்றைப் பிடிக்க வாயைத் திறந்து காத்திருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாய்க்குள் பொருந்தும் மருந்தைச் செய்துவிட்டால், முகம் தீப்பற்றியதுபோல் வலியில் துடிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். மருந்து செய்ய முதலில் உருவம் வேண்டும். அதற்காகத்தான் இரண்டு வருடமாக உல்லா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

வெந்நீர்க் குழாய் சுவருக்குள் டொக் டொக்கென்று விட்டுவிட்டு இடித்தது. அடிப்பிடித்த காபியின் வாடை அறையை விட்டுப் போகவே இல்லை. இரண்டு தளங்களுக்குக் கீழே, அவள் நாற்காலிக்கு நேர் கீழாக, நிலவறையில் நின்ற எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் உறுமல் தரை வழியாக ஏறி, செருப்பைத் தாண்டி, உள்ளங்காலில் வந்து நின்றது.

போனை எடுத்தாள்.

“சாம்பிள் தட்டைச் சாய்ச்சியா இல்லையா?”

“சாய்க்க முடிஞ்ச வரைக்கும் சாய்ச்சாச்சு, எனக்கே இடுப்பு வலிக்குது,” என்றான் மைக்ரோஸ்கோப்பை ஓட்டும் தோர்கில். “உன் புள்ளைங்க அசையல. அம்மா மாதிரியே பிடிவாதம்.”

“சாய்ச்சா பக்கவாட்டு தெரியணும். தெரியல. அப்ப நீ சாய்க்கல.”

“இறங்கி வந்து பாரேன். என்னைத் திட்டினா மட்டும் திரும்பிப் படுக்குமா?”

போனை வைத்துவிட்டுக் கட்டடத்தின் கிழக்குக் கோடியிலிருந்த உணவகத்துக்குப் போனாள். கறுத்த ரை ரொட்டியும் ஊறவைத்த மத்தி மீனும் தட்டில் விழுந்ததுமே எதிரில் வந்து உட்கார்ந்தாள் துறைத் தலைவி லிஸ்பெட்.

“மருந்துக் கம்பெனிக்காரங்க இன்னைக்கும் கூப்பிட்டாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள உருவம் வரலன்னா ஒதுங்கிக்கிறாங்களாம்.”

“புரதத்தைக் கரைக்கிற சோப்பை மாத்திட்டேன். தட்டை மாத்திட்டேன். புரதம் எடுக்கிற செல்லையே மாத்திட்டேன். இன்னும் என்னைத்தான் மாத்தல.”

“அதையும் யோசிக்கிறோம்,” என்றாள் லிஸ்பெட், சிரிக்காமல்.

உல்லா ரொட்டியைப் பிய்த்தாள். அப்போதுதான் தோர்கிலின் செய்தி வந்தது. ‘பக்கவாட்டு வந்துருச்சு. கேக் உன் செலவு.’

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

உண்மைதான், படம் படமாகப் பக்கவாட்டு. ஆனால் அந்த மகிழ்ச்சி நாற்காலியில் உட்காரும்வரைகூட நிற்கவில்லை. ஒருக்களித்திருந்தவை எல்லாம் ஒரே பக்கமாக ஒருக்களித்திருந்தன. எல்லா வாய்களும் திரையின் வலது ஓரத்தைப் பார்த்திருந்தன. மைக்ரோஸ்கோப் நிற்கிற வாக்கில் அது கிழக்கு. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கம். கடைசிப் படங்களில் அவை மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டே வந்து, அவள் உட்கார்ந்த பிறகு எடுத்த படத்தில், மறுபடியும் நேர் மேலே பார்த்தன.

உறைந்த பனிக்குள் எதுவும் திரும்ப முடியாது. கணக்கில் கோளாறு. மென்பொருளில் கோளாறு. அவள் எழுந்து தாழ்வாரத்தின் மேற்குக் கோடிக்கு நடந்தாள், குளிர்பதன அறைக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பி வந்தாள்.

புதிய படங்களில் வாய்கள் எல்லாம் மேற்கே போய்வந்திருந்தன.

யாரிடம் சொல்வது? லிஸ்பெட்டிடமா? சொன்னால் லீவு எழுதிக்கொடுத்து அனுப்புவாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

“மெஷினை நிறுத்து. நான் வீட்டுக்குப் போறேன்,” என்றாள் போனில்.

“இப்பத்தானே நல்லா வருது. என்ன ஆச்சு உனக்கு?”

“நிறுத்துன்னா நிறுத்து.”

வெளியே சாயங்காலமே இருட்டிவிட்டிருந்தது. ஆர்ஹுஸ் நகரத்து மழை கண்ணுக்குத் தெரியாமல் முகத்தை நனைத்தது. பஸ்ஸில் ஈரக் கம்பளியும் ஆரஞ்சுத் தோலும் மணத்தன. கடைப் பைகளோடு வேலை முடிந்தவர்கள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, எல்லோரும் அவரவர் போனில் குனிந்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். தெற்கே போகும் கடற்கரைச் சாலை தொடங்கியபோது போன் அடித்தது.

“நான் நிறுத்தல உல்லா,” என்றான் தோர்கில். குரலில் கேலி இல்லை. “சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். அதுங்க திரும்புதுங்க. காம்பஸ் முள்ளு மாதிரி. இப்ப தெற்கே பாக்குதுங்க. நீ எங்க இருக்க?”

“பஸ்ல.”

“துறைமுகம் தாண்டிட்டியா?”

ஜன்னலில் துறைமுகத்து விளக்குகள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன.

“வாய் பெருசாயிட்டே வருது,” என்றான். “அப்புறம்... எனக்குக் கழுத்து ஒரு மாதிரி இருக்கு. திரையைத்தான் பாக்கணும்னு நினைக்கிறேன். தானா திரும்புது. சுவத்தைப் பாக்குறேன் உல்லா. வெறும் சுவத்தை.”

“எந்தப் பக்கச் சுவர்?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வாய் முழுக்கத் திறந்தவன் பேச முயன்றதுபோல் ஒரு ஒலி. அதன் பிறகு அதுவும் இல்லை.

உல்லா போனைக் காதிலிருந்து எடுத்தாள். பஸ்ஸில் பேச்சு நின்றிருந்தது. இருமல் இல்லை. பை சரசரக்கவில்லை.

நிமிர்ந்தாள்.

முன்சீட்டுக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்தவளும். நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள், எல்லோரும். உடம்பு முன்னே பார்க்க, முகம் மட்டும் பின்னே. தள்ளுவண்டிக்குள் குழந்தையின் தலை திரும்பியிருந்தது. வாய் திறந்திருந்தது. எல்லோருடைய வாயும். அழவில்லை, கத்தவில்லை. காத்திருந்தார்கள்.

அவள் நிறுத்தப் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. மறுபடி அழுத்தினாள்.

பஸ் வேகம் குறையவில்லை. மழைத் துடைப்பான்கள் ஆடின. கண்ணாடியில் எதிர்வண்டி விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவற்றுக்கு முன்னால், ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, ஓட்டுநர் வாயைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.