பெரியவர் உள்ளே வரமாட்டார்

எங்கள் சவாரிப் பள்ளியில் ஒரு குதிரைக்குப் பெயர் பெரியவர். வயது இருபத்திரண்டு. அவரை யாரும் அது, இது என்று பேசுவதில்லை. நானும் பேசமாட்டேன்.

பந்தயத்துக்குப் பழக்கும் பள்ளி இல்லை இது. என்னைப் போலக் கால் சரியாக வராத பிள்ளைகள் சிகிச்சைக்காகக் குதிரை ஏறும் இடம். எனக்குப் பத்து வயது. இரண்டு ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பேன். பெரியவர் மேல் அரை மணி நேரம் சுற்றி வந்தால், இறுகிக் கிடக்கும் என் கால்கள் அன்று முழுவதும் சொன்ன பேச்சுக் கேட்கும். மற்ற இரண்டு குதிரைகள் குலுக்குகிற குலுக்கில் கால் இன்னும் இறுகிப்போகும். அதனால் பெரியவர் இல்லையென்றால் எனக்குச் சவாரியே இல்லை.

பல்கலைக்கழகம் எங்கள் பள்ளியோடு சேர்ந்து ஒரு புதுச் சவாரிக் கூடம் கட்டியது. இனி மழை பெய்தாலும் வகுப்பு நடக்கும். சக்கர நாற்காலியிலிருந்தே குதிரைக்கு மாற ஒரு சாய்வு மேடையும் உண்டு. எல்லாம் பிரமாதம். பெரியவர் மட்டும் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதல் நாள் நின்றார். இரண்டாம் நாளும் நின்றார். மற்ற இரண்டு குதிரைகளும் வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரே தாவாகத் தாவி உள்ளே போய்விட்டன. பெரியவருக்கு அது தாவுகிற வயதா?

மூன்றாம் நாள் பயிற்சியாளர் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கும் வரலன்னா அவரை ஒரு பண்ணைக்கு அனுப்பிடுவாங்கம்மா. புது இடத்தைப் பார்த்துப் பயப்படுற குதிரை மேல பிள்ளைங்களை ஏத்தக்கூடாது. அதுதான் விதி."

"பழைய மைதானத்துலயே சுத்தறோமே அக்கா?"

"அங்க அடுத்த வாரம் வேற கட்டடம் வருது."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் என்னோடு வந்திருந்த அப்பாவும் அழுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

கூடத்தைக் கட்டிய பேராசிரியர் சார், பெரியவரைப் பற்றிய படிவம் செருகிய அட்டையோடு வந்தார். விளக்கை அணைத்துப் பார்த்தார். கதவுக்கு எண்ணெய் போட்டார். சுவரில் மூக்கை வைத்து பெயிண்ட் வாசனை வருகிறதா என்றும் பார்த்தார். அக்கா ஒரு கேரட்டைக் காட்டினார். பெரியவர் கழுத்தை நீட்டிக் கேரட்டை வாங்கிக்கொண்டார். கால் மட்டும் நகரவில்லை.

"கொள்ளுன்னா வாயைத் திறப்பாராம், கடிவாளம்னா மூடிக்குவாராம்" என்றார் அப்பா.

எல்லாரும் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்கு அது பழக்கம். சின்னக் கல் கிடந்தாலும் எங்கள் கண்ணுக்குத் தப்பாது.

வாசலிலிருந்து உள்ளே மணல் வரைக்கும் கன்னங்கரேலென்று ஒரு ரப்பர் விரிப்பு கிடந்தது. பெரியவர் முன்காலைத் தூக்கினார். விரிப்பின் ஓரம் வந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார். இருட்டில் மாடிப்படி தேடுகிற ஆள் போல இருந்தது.

"சார், இது அவருக்குக் குழி மாதிரித் தெரியுது" என்றேன்.

"குழியா? விரிப்பும்மா அது. பத்து பேர் குதிச்சாலும் அசையாது."

"உங்களுக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரியாதே."

அப்பா எட்டிப் பார்த்தார். "குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதுன்னு சொல்லுவாங்க. இங்க குழியை நாமளே பறிச்சு வெச்சிருக்கோமா?"

சார் தலையைச் சொறிந்தார். "இது உனக்காகத்தாம்மா போட்டது. கூடத்துல என்ன வேணும்னு கேட்டப்ப, வழுக்காத தரைன்னு நீதானே எழுதிக் கொடுத்தே?"

ஆமாம், நான்தான். நானே தேடிக்கொண்ட வினை.

"உரிச்சு எடுக்க முடியாதா சார்?"

"பசை போட்டு ஒட்டியிருக்கு. எப்படியும் ஒரு வாரம் ஆகும்."

பெரியவருக்கு ஒரு வாரம் ஏது? நான் எழுந்தேன்.

"அக்கா, நான் முன்னாடி நடக்கிறேன். அவர் பார்க்கட்டும்."

"அந்தக் கோடிக்குப் போக இருபது தடவை காலெடுத்து வைக்கணும். நீ பத்துக்கே உக்காந்துடுவியே?"

"நடுவுல நின்னுக்கிறேன்."

குதிரை என்மேல் வந்துவிடாதபடி அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவர் அருகில் நின்றார். நான் விரிப்பில் ஊன்றுகோலை வைத்தேன். பிறகு ஒரு கால். பிறகு அடுத்த கால். ஒன்பது, பத்து என்று எண்ணும்போது முட்டி இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. அப்பா ஓடிவரப் பார்த்தார்.

"வராதீங்கப்பா. நீங்க வந்தா அவர் உங்களைத்தான் பார்ப்பார்."

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் திரும்பி, ஊன்றுகோலால் விரிப்பைத் தட்டினேன்.

"பார்த்தீங்களா? ஓட்டை இல்ல. நான் விழவே இல்ல."

பெரியவர் தலையைத் தாழ்த்தி விரிப்பை மோந்தார். புஸ்ஸென்று மூச்சு விட்டார். பிறகு ஒரு காலை வைத்தார். கால் உள்ளே போகவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த காலையும் வைத்தார்.

நான் மறுபடி நடந்தேன். பயத்தில் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். பின்னால் குளம்புச் சத்தம் தொம் தொம் என்று வந்துகொண்டிருந்தது. மணலைத் தொட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் கொஞ்சம் தள்ளி மணலில் வந்து நின்றார்.

அக்கா அவரை வெளியே அழைத்துப் போய், மறுபடி உள்ளே கூட்டி வந்தார். நான்கு தடவை. நான்காவது தடவை பெரியவர் தரையைப் பார்க்கவே இல்லை.

"எல்லாத்தையும் அளந்தேன். தரையோட நிறத்தை யோசிக்கலையே" என்றார் சார். "மணல் நிறத்துல வேற விரிப்பு போட்டுடறேன்."

"வழுக்காததா போடுங்க சார்" என்றேன்.

அக்கா சாரின் அட்டையில் கையெழுத்துப் போட்டார். "பெரியவர் எங்கயும் போகலை. இனி இங்கதான்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். "முதல் சவாரி உன்னோடதுதான். எழுந்து மேடைக்கு வா."

எழுந்து பார்த்தேன். முடியவில்லை.

"என் கால் ரெண்டும் ஓஞ்சுபோச்சு அக்கா. யாராவது தூக்கி ஏத்திவிடுங்க. இனி அவர் நடக்கட்டும்."

அப்பா என்னைத் தூக்கிப் பெரியவர் மேல் உட்காரவைத்தார். பெரியவர் நடந்தார்.