வலத் தூண்

வியாழக்கிழமை, பிற்பகல் 2.40.

ஓவிய ஆசிரியர் சதீஷ் மேடைத் தூணைப் பிடித்தபடி விறைத்துச் சரிந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தையல்நாயகி கீழ்வேளூரில் இருந்து வந்து சேர்ந்தபோது பள்ளி அரங்கில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காவிரி வெள்ளமாக விரிக்கப் பிள்ளைகள் வரைந்து வைத்திருந்த நீலத் துணியைத்தான் சதீஷின் மேல் போர்த்தியிருந்தார்கள். அவருடைய வலது கை மட்டும் வெளியே கிடந்தது. மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு.

சனிக்கிழமை ஆண்டு விழா. மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார். அன்று போட வேண்டிய நாடகத்தின் கடைசி ஒத்திகை இது. கரை உடைந்து வெள்ளம் வருகிறது. அரசனும் அரசியும் ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு தூணைப் பிடித்துத் தப்பிக்கிறார்கள். அரசன் சதீஷ். அரசி, நாடகத்தை எழுதிய தமிழாசிரியை மேகலா. வெள்ளம் உண்மையாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் குடத்துத் தண்ணீரை மேடையில் ஊற்றுவார்கள். இருவருக்கும் வெறுங்கால். தூண்கள் இரும்புக் குழாய்கள். மேலே சீரியல் பல்பு, அடியில் ஜரிகைத் துணி.

தையல்நாயகி முன்பக்கமாக மேடையில் ஏறி, குத்துக்காலிட்டு, சதீஷ் பிடித்த தூணின் துணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு வயரின் சிவப்புத் தோலைச் சீவி, செம்புக் கம்பியைக் குழாயோடு முறுக்கியிருந்தார்கள். குழாயின் பெயின்டும் அந்த இடத்தில் சுரண்டப்பட்டிருந்தது. மற்ற இணைப்புகள் எல்லாவற்றிலும் கறுப்பு டேப் கச்சிதமாகச் சுற்றியிருந்தது.

தலைமை ஆசிரியர் குணசேகரன் மேடைக்குக் கீழே நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"லைட் போட்டது பூமிகான்னு ஒரு பத்தாவது பொண்ணும்மா. வலத் தூண்ல வயரை ஒழுங்கா கட்டல. காலையில சதீஷ் அவளைத் திட்டினாராம். வேணும்னே செஞ்சாளோ என்னவோ."

"படிப்பு எப்படி?"

"கணக்குல பாஸ் பண்றதே சந்தேகம். நூறு சதவீத ரிசல்ட் வாங்குற ஸ்கூல்மா இது. இவளுக்கு டி.சி. எழுதச் சொல்லிட்டேன்."

"நாடகம் பார்த்தீங்களா?"

"எங்க நேரம்? ஒத்திகைப் பக்கமே வந்ததில்ல. ஸ்கிரிப்ட்ல கையெழுத்துப் போட்டதோட சரி. படிக்கக்கூட இல்ல."

அடுத்தவர் விளையாட்டு ஆசிரியர் ராஜராஜன். கண்கள் சிவந்திருந்தன.

"உங்களுக்கும் சதீஷுக்கும் சண்டையாமே?"

"என் பீரியடை எல்லாம் டிராமாவுக்குப் புடுங்கிக்கிட்டார் மேடம். கேட்கப் போனேன். எனக்கே வாயிற்காவலன் வேஷம் குடுத்துட்டார். இந்த உடம்புக்கு வேற என்ன குடுப்பார்? அதோட சண்டை முடிஞ்சுது."

"அவர் விழுந்தப்ப?"

"இடத் தூண்ல சரிஞ்சார். நான் மரக்கம்பால தட்டி விட்டேன். ஹெச்.எம். ஓடியாந்தார். 'சதீஷா? சதீஷ் எப்படி அந்தத் தூண்கிட்ட நின்னார்?'னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், அவருக்கும் அதிர்ச்சி."

அவர் கண்ணைத் துடைத்த வலது கையிலும் சிவப்புக் கயிறு இருந்தது.

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு அம்சவல்லி அலுத்துக்கொண்டார். "என்ன மேடம் இது, ஹெச்.எம். வலத் தூணுங்குறார். இவர் இடத் தூணுங்குறார். செத்தவர் பிடிச்சது ஒரு தூணைத்தானே?"

"எதிரும் புதிருமா நின்னு பார்த்திருப்பாங்க. ரெண்டையும் அப்படியே எழுதுங்க."

மாலை 4.30. பூமிகாவை மேகலா தோளோடு அணைத்து அழைத்து வந்தார். நாகூரில் இருந்து அவளுடைய அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் வந்ததும் மகளின் டி.சி.யைக் கையில் கொடுப்பார்களா, மகளையே போலீஸ் ஜீப்பில் ஏற்றுவார்களா என்று வராந்தா முழுக்கப் பேச்சு.

"வயர் சுத்துறதை யார் சொல்லிக் குடுத்தா பூமிகா?"

"அப்பா மேடம். மீன்பிடி போட்டுக்கெல்லாம் அவர்தான் வயரிங் பண்ணுவார். ஜாயின்ட்டை மூடாம விட்டா முதுகுல ஒண்ணு வைப்பார்."

"காலையில லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. எல்லாரும் தூணைத் தொட்டு நடிச்சாங்க. ஒண்ணும் ஆகல. அப்புறம் சாப்பாட்டு மணி அடிச்சுது. ஹாலை அப்படியே விட்டுட்டு மரத்தடிக்குப் போயிட்டோம்."

"சார் எதுக்குத் திட்டினார்?"

"சபைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வயர் சுத்துனேன். 'மேடையில ஆணி அடிச்சாலும் சபையைப் பார்த்து அடி'ம்பார். அவ்வளவுதான் மேடம். உடனே ஆரஞ்சு மிட்டாய் குடுத்தார்."

அவள் பாவாடைப் பையில் இருந்து பிரிக்காத மிட்டாயை எடுத்துக் காட்டினாள். தையல்நாயகியின் கண் மிட்டாயில் இல்லை, அந்தக் கையில் இருந்தது.

"இது கோயில் கயிறா?"

"இல்ல மேடம், டிராமாக் கயிறு. மொத நாளே சார் எல்லாருக்கும் வலது கையில கட்டிவிட்டார். மேடையில வலதுன்னா நடிக்கிறவங்க வலது. கீழே உட்கார்ந்து பார்க்குறவங்களுக்கு அது இடது பக்கம். அதை மாத்திடக் கூடாதுன்னுதான் கயிறு. இது இல்லாம யாரும் மேடை ஏற முடியாது. பி.டி. சாரைக்கூட விடல."

தையல்நாயகி அரங்கின் நடுவில் போய் நின்று மேடையைப் பார்த்தார். சதீஷ் பிடித்த தூண் தையல்நாயகியின் வலது பக்கம் இருந்தது. பிறகு மேடையில் ஏறி, அரங்கைப் பார்த்துத் திரும்பி நின்றார். அதே தூண் இப்போது இடது பக்கம்.

"மேகலா டீச்சர், ராணி எங்கே நிக்கணும்னு ஸ்கிரிப்ட்ல எழுதியிருக்கீங்க?"

"'அரசி வலத் தூணைப் பற்றுகிறாள்'னு எழுதியிருக்கேன்." சொல்லி முடிக்கும்போதே மேகலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சதீஷை யாருக்குப் பிடிக்காதுன்னு இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்தேன். அது தப்பு. இப்ப சொல்லுங்க. உங்களை யாருக்குப் பிடிக்காது?"

மேகலா மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன வருஷம் திருமுருகன்னு ஒரு பையன். படிப்பு ஏறாது, ஆனா அருமையா நடிப்பான். ரிசல்ட் குறையும்னு பரீட்சைக்கு முன்னாடி அவனை மிரட்டி டி.சி. குடுத்து அனுப்பினாங்க. அன்னைக்கே வெட்டாத்துல குதிச்சுட்டான். குளிக்கப் போய் மூழ்கிட்டான்னு சொல்லி முடிச்சுட்டாங்க. சனிக்கிழமை கல்வி அதிகாரி முன்னாடி மேடையிலயே உண்மையைச் சொல்லிடுவேன்னு முந்தாநாள் ஹெச்.எம்.கிட்ட நேராவே சொன்னேன்."

தையல்நாயகி குணசேகரனை மேடைக்கு வரச் சொன்னார்.

"சார், இந்தத் தூணுக்குப் பேர் என்ன?"

"வலத் தூண். அப்பவே சொன்னேனேம்மா."

"இந்த நாடகத்துல இருக்குற யாரைக் கேட்டாலும் இது இடத் தூண். சமையக்கார அம்மாவைக் கேட்டா உங்களை மாதிரியே வலத் தூணுன்னுதான் சொல்லுவாங்க. அது குத்தமில்ல. ஆனா அவங்க ஸ்கிரிப்டைப் படிக்கல. நீங்க படிச்சிருக்கீங்க. வலத் தூணை ராணி பிடிப்பாங்க, அப்ப தரையில தண்ணி இருக்கும்னு அதுலதான் இருக்கு."

"நான் படிக்கலைன்னு சொன்னேனே!"

"அப்ப ஓடி வந்ததும், 'சதீஷ் எப்படி அந்தத் தூண்கிட்ட நின்னார்'னு ஏன் கேட்டீங்க? ஸ்கிரிப்ட் படிக்காத, ஒத்திகை பார்க்காத மனுஷனுக்கு, அங்க வேற ஒருத்தர் நிக்கணும்னு எப்படித் தெரியும்?"

குணசேகரன் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.

"சாப்பாட்டு நேரத்துல முன்பக்கமா ஏறியிருக்கீங்க. தூண் முன்னாடி உட்கார்ந்து, சபைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வயரைச் சீவியிருக்கீங்க. அப்படி உட்கார்ந்தா இது வலது பக்கம்தான். ஒரு தடவை திரும்பி உட்கார்ந்து பார்த்திருந்தா சரியான தூணுக்குப் போயிருப்பீங்க. டீச்சர் செத்திருப்பாங்க. அதுக்கும் இந்தப் பொண்ணு மேலதான் பழி போட்டிருப்பீங்க."

அம்சவல்லி குணசேகரனின் சட்டைப் பையில் இருந்து பேனாக்கத்தியை எடுத்தார். மடிப்புக்குள் சிவப்பு பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

"பதினேழு வருஷமா கட்டிக் காப்பாத்துன பேரும்மா இது," என்றார் குணசேகரன் மெதுவாக. "ஒரு பையனால போகணுமா?"

அம்சவல்லி அவரை ஜீப்பில் ஏற்றினார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

வராந்தாவில் பூமிகாவின் அப்பா மீன்பிடித் துறையில் இருந்து வந்த அழுக்குக் கைலியோடு நின்றார். தையல்நாயகி, எழுதி வைத்திருந்த டி.சி.யை இரண்டாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. ஜாயின்ட் எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கா."

அவர் மகளின் தலையைத் தடவினார்.

மேகலா இன்னும் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். நீலத் துணி மேலே கிடக்க, சதீஷை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சித்திரையில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்பதை ராஜராஜன்தான் தையல்நாயகியிடம் சொன்னார்.

"மொத ஒத்திகையில நான் தப்பான தூண்கிட்டப் போய் நின்னேன் மேடம்," என்றார் மேகலா, தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுதுங்க. அவர்தான் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். 'இதுதான் உன் இடம், மாறிடாதே'ன்னார்."

வெளியே அறுவடை மெஷின் நின்றிருந்தது.

"நான் மாறவே இல்ல மேடம்."