மீற்றருக்கு முன்னால் ஒரு வயர்

உருத்திரபுரத்தில் அந்த வீட்டுக்கு விஜிதரன் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. வாசல் படலையடியில் பரமலிங்கம் நின்றார். மனைவி இராசேஸ்வரி செத்து முப்பத்தைந்து நாள். அவர் முகத்தில் அழுத அடையாளமே இல்லை.

“வாங்கோ தம்பி. கிணத்தடி மோட்டர் தன்பாட்டில ஓடுது. ஒருக்காப் பாருங்கோ.”

விஜிதரன் லைசென்ஸ் இல்லாத வயரிங்காரன். நாலு மாதத்துக்கு முன் இந்த வீட்டில் மீற்றருக்கு முன்னாலேயே ஒரு வயரைக் கொளுவி, சுவரோரமாக இழுத்து, தண்ணீர் மோட்டருக்குக் கொடுத்தவன் அவன்தான். மீற்றர் ஓடாது. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற, அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்த ட்ரிப் சுவிட்சும் இனி விழாது. பரமலிங்கம் கேட்டார், அவன் செய்தான். வேலை முடியும் நேரம் இராசேஸ்வரி வாளியோடு வந்தாள்.

“தம்பி, ஈரக் கையோட தொடலாமோ?”

“ஓம் அக்கா, ஒண்டும் செய்யாது.”

ஒருநாள் உடுப்புத் தோய்த்த கையோடு அவள் மோட்டரைத் தொட்டாள். விழ வேண்டிய சுவிட்ச் விழவில்லை.

“உங்கட பேரைப் பொலிசுக்கு நான் சொல்லேல்லை,” என்றார் பரமலிங்கம். “கேட்டது நான்தானே.”

நேரம் சொல்வதுபோலச் சொன்னார். விஜிதரனுக்கும் உள்ளே எதுவும் அசையவில்லை. செத்தவீட்டுக்கும் அவன் வரவில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து சோற்றின் உப்புக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

“இப்ப கரண்ட் இருக்கோ அண்ணை?”

“இல்லை. அண்டைக்கே கம்பத்தில வெட்டிப்போட்டாங்கள்.”

அவன் அண்ணாந்து பார்த்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வந்த லைனைக் காணவில்லை.

கிணற்றடியில் சவர்க்கார மணம் அடித்தது. தோய்க்கிற கல்லில் நுரை இன்னும் உடையாமல் இருந்தது. வீட்டில் பரமலிங்கத்தைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் கைகளோ காய்ந்து வெடித்திருந்தன.

விஜிதரன் குந்தியிருந்து, தான் கொளுவிய வயரை மோட்டரிலிருந்து கழற்றி எடுத்தான்.

மோட்டர் ஓடத் தொடங்கியது.

குழாயால் தண்ணீர் கொட்டியது. வயர் அவன் கையில் இருந்தது.

முதுகுக்குப் பின்னால், மிக மெதுவாக, ஒரு குரல்.

“தம்பி, ஈரக் கையோட தொடலாமோ?”

அவன் திரும்பவில்லை. தோளில் ஒரு விரல் பட்டது. அந்த இடத்திலிருந்து விரல் நுனிவரை கை விறைத்துப்போனது. பயம்கூட வரவில்லை.

“இல்லை அக்கா,” என்றான். “தொடாதேங்கோ. நான் பொய் சொல்லிப்போட்டன்.”

மோட்டர் நின்றது.

“ஒவ்வொரு நாளும் கேக்கிறவா,” என்றார் பரமலிங்கம். “எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை.”

அங்கிருந்து விஜிதரன் நேரே மின்சாரக் கந்தோருக்குப் போனான். செய்ததைச் சொன்னான். இதேபோல வயர் கொளுவிய மற்ற ஒன்பது வீடுகளின் விபரத்தையும் எழுதிக் கொடுத்தான். வழக்கு வரும் என்றார்கள். தலையாட்டினான். திங்கட்கிழமை ஆட்கள் போய் வெட்டுவார்கள் என்றார்கள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் கிடந்தது. அதுவரை ஒருவரும் மோட்டரைத் தொடக்கூடாது என்று சொல்ல அவன் வீடு வீடாகப் போனான். சிலர் ஏசினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். அவன் வெளியே நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

கடைசி வீடு நெடுங்கேணியில். மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே அந்த வீட்டுக்கார ராஜினி முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

“மோட்டரைத் தொடக்கூடாதெண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்? அந்த அக்கா சொல்லிப்போட்டா. விடியத் துவங்கி மீற்றருக்குக் கிட்டத்தான் நிக்கிறா, பிள்ளையளை அண்ட விடாமல். தேத்தண்ணி குடுத்தாலும் வேண்டாமாம்.”

மீற்றர் இருந்த சுவரடியில் விஜிதரனுக்கு ஒருவரும் தெரியவில்லை.

ராஜினி அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, வாங்கோ. உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திட்டார்.”

விஜிதரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். ஏறி இருந்தான்.

பின் இருக்கை மெல்லத் தாழ்ந்தது.

அவன் கொஞ்சம் பொறுத்தான். பிறகு வண்டியை எடுத்தான்.