வாயில்லாத சுவர்

ஏசி பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்த பிறகுதான் விபின் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தான். தேங்காப்பட்டணத்தில் கடலுக்கு அருகே இருந்த பழைய வீடு அது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான ஓட்டுக்கூரை. வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஈரமான சுண்ணாம்பின் மணமும், அதற்கு அடியில் காய்ச்சல்காரன் படுத்திருக்கும் அறையின் மணமும் இருந்தன.

சுவர்களில் எதுவுமே மாட்டப்படவில்லை. கடிகாரம் ஒரு நாற்காலியில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் தரையில் கிடந்தது. கண்ணாடியும் கல்யாணப் படமும் அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவையெல்லாம் தொங்கிய இடங்களில், ஆணி இருந்த துளைகளின் மேல், மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது.

குழந்தைக்கு அடிபட்டால் பூசுவது போல.

"தண்ணி குடிங்க தம்பி," என்றாள் ரஸீனா. முப்பது வயதிருக்கும். வீட்டில் தனியாக இருந்தாள். கணவன் நிஹால் தோஹாவில் வேலை செய்கிறான். ஏசியை வாங்கி அனுப்பியதும், மார்த்தாண்டத்தில் மெக்கானிக் வேலை செய்யும் விபினை ஏற்பாடு செய்ததும் அவன்தான். "குடிச்சிட்டு இத எடுத்துட்டுப் போயிருங்க. இந்தச் சொவத்துல தொளை போடக்கூடாது."

"ஏன்க்கா? சொவரு வீக்கா?"

அவள் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நோவும்."

விபின் பதில் சொல்வதற்குள் அவன் போனில் நிஹால் வந்துவிட்டான். விபின் முற்றத்துக்கு இறங்கிப் பேசினான்.

"மக்கா, அவ ஏதாவது சொன்னாளா? கேக்காத. மழைக்காலத்துல இருந்தே இப்படித்தான். ஆணியெல்லாம் பிடுங்கிட்டா. ராத்திரி எந்திரிச்சு சொவரத் தடவிக்கிட்டு நிப்பாளாம். நீ தொளை போடு. ஒண்ணும் ஆவலன்னு அவ கண்ணால காணட்டும். அப்பமும் இந்தப் பிராந்து பேச்சு பேசினா நாளைக்கி எங்க மூத்தவரு, காக்கா, வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்கயே இருக்கட்டும். எனக்கு வேற வழியில்ல."

அந்தக் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது. விபினுக்கு அவன்மீதும் இரக்கம் வந்தது.

ஏணியைச் சாய்த்தான். ஏசியை மாட்டும் தகட்டைச் சுவரில் வைத்துத் துளைக்குக் குறித்தான். ரஸீனா தடுக்கவில்லை. எதிர்ச்சுவரின் ஓரம் போய் நின்று கைகள் இரண்டையும் அதன்மேல் பதித்துக்கொண்டாள், ஊசி போடும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாயைப் போல.

டிரில் மெஷின் இரைந்தது. சுண்ணாம்பு பொடியாய் உதிர்ந்தது. மெஷினின் முனையிலிருந்த பிட் கல்லுக்குள் இறங்கியது.

சட்டென்று நின்றது.

கரண்ட் போகவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிட்டை ஏதோ உள்ளிருந்து இறுகப் பிடித்திருந்தது. விபின் இழுத்தான். வரவில்லை. இடது கையைச் சுவரில் ஊன்றி மறுபடி இழுத்தான்.

சுவர் சூடாக இருந்தது.

உள்ளங்கைக்கு அடியில் அது சுருங்கியது. முள் தைத்த பாதம் சுருங்குவது போல, மெல்ல, தரையிலிருந்து கூரைவரை.

சத்தமே இல்லை. ஆனால் அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு ஜன்னல்கள். பிறகு அடுக்களையில் அடுக்கியிருந்த பாத்திரங்கள். சொம்பில் அவன் குடித்து மீதி வைத்த தண்ணீர் வளையம் வளையமாய் அதிர்ந்து விளிம்பில் வழிந்தது. கதவுகளின் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக ஆடின. வீடு முழுக்க ஏதோ ஒன்று ஓடியது, வெளியே போக வழி தேடியது, வழி கிடைக்கவில்லை.

"அதுக்கு வாயில்ல தம்பி," என்றாள் ரஸீனா. அவள் கன்னங்கள் நனைந்திருந்தன. "அலற முடியாது."

விபின் மெஷினைப் பிட்டிலிருந்து கழற்றிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினான். விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பிட் சுவரில் நின்றது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தான்.

மெஷின் அவன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

வயர் தரையில் கிடந்தது. பொத்தானில் விரல் இல்லை. மோட்டார் சுற்றவும் இல்லை. மழையில் நனைந்த கோழிக்குஞ்சை எடுத்தால் எப்படி நடுங்குமோ அப்படி நடுங்கியது. அவன் அதைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். ரஸீனா வந்து குனிந்து எடுத்தாள். முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கும் இஷ்டமில்ல," என்றாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இத வச்சு நீங்க எத்தன சொவர தொளச்சிருக்கீங்க?"

அவன் எண்ணிப் பார்த்தான். மார்த்தாண்டத்தில், குழித்துறையில், தக்கலையில். பள்ளிக்கூடங்கள், கடைகள், கல்யாண மண்டபங்கள். துளைக்கும்போது பாட்டுக் கேட்பான்.

"பிட்ட எடுங்க தம்பி. அது உள்ள இருக்கக்கூடாது. கையால, மெதுவா."

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. கால் வாசல்பக்கம் திரும்பியும்விட்டது. ஆனால் அந்தத் தம்ளர்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் ஏணியில் ஏறினான். பிட்டை விரல்களால் பற்றிக் கொஞ்சமாய்த் திருப்பினான். ஒவ்வொரு திருப்புக்கும் ஜன்னல் கண்ணாடி சிணுங்கியது. அவன் நிறுத்துவான். அது அடங்கும். மறுபடி திருப்புவான். தான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பதை வெகுநேரம் கழித்துத்தான் அறிந்தான்.

பிட் வெளியே வந்தது. ரஸீனா மஞ்சளைக் குழைத்துத் துளையில் பூசினாள். வீடு ஒரு மூச்சு விட்டது போல ஓடுகள் மெல்ல இறங்கி அமர்ந்தன.

முற்றத்துக்கு வந்து நிஹாலை அழைத்தான்.

"போட்டாச்சா மக்கா?"

"இல்ல. போட முடியாது. அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாதீங்க. அவங்களுக்கு ஒரு சூக்கேடும் இல்ல."

"நீயும் என்ன சொல்லுத?"

"நான் கண்டேன்ணே. கைய வச்சுப் பாத்தேன்." அழுதான். வளர்ந்த ஆண் ஒருவன் நடுப்பகலில் முற்றத்தில் நின்று அழுவதை, கடல் கடந்து நிஹால் கேட்டுக்கொண்டிருந்தான்.



"சரி," என்றான் நிஹால், மிகத் தாழ்ந்த குரலில். "காக்காட்ட வரண்டாம்னு சொல்லிருதேன். நீ ஏசிய கடையில திருப்பிக் கொடுத்திரு."

விபின் டிரில் மெஷினை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டான். ரஸீனா அதைக் கேட்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை. அவள் மடியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

அன்று மாலை அவன் வீட்டில் மனைவி ஜிஷா தேங்காய் அரைக்க மிக்ஸியைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். "ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டாள். பைக்கை உதைத்துக் கிளப்ப முடியவில்லை. தரையில் பாதம் அழுந்தாமல் நடந்தான். கட்டிலின் நடுவில், எந்தச் சுவரிலும் உடம்பு படாமல் படுத்தான். ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை.

பிறகு பயம் தணிந்தது. அது அந்த ஒரு வீட்டின் சங்கதி, பழைய வீடு, ஏதோ ஒன்று அங்கே குடியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது நிஜமாகவே பட்டது. நாகர்கோவிலில் ஒரு புது அடுக்குமாடி வீட்டில் ஏசியைக் கழுவ வேண்டும் என்று அழைப்பு வந்தபோது போனான். துளைக்கும் வேலை ஏதுமில்லை. கையில் ஒரு துணியும் தண்ணீர் வாளியும் மட்டும்.

வெளிச்சமான வீடு. காங்கிரீட் சுவர். புதுப் பெயின்ட் மணம். அடுத்த அறையில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

விபின் ஸ்டூலில் ஏறினான். நிலை தவறாமலிருக்க, சுவரில் ஊன்றக் கையை நீட்டினான்.

அவன் விரல்கள் படுவதற்கு முன்பே, சுவர் பின்னால் நகர்ந்தது.