பெட்டிக்குள் இருந்த சிலம்பம்

முற்றத்தில் காயப்போட்ட சின்ன வெங்காயத்தை அள்ளி முடிப்பதற்குள் இடி இடிக்கத் தொடங்கிவிட்டது.

"மணி, பிளக்கெல்லாம் புடுங்கிவுடு" என்று அம்மா சாந்தா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

மணிமொழி உள்ளே ஓடினாள். டி.வி., மிக்சி, ஃபிரிட்ஜ், கடைசியாக மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த பெட்டி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டாள். செட்டிகுளத்தில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மழை விட்டது. பிளக்குகளை மறுபடி சொருகினாள். டி.வி.யில் வரிசையாக வரவேண்டிய படங்களில் ஒன்றுகூட இல்லை. கறுப்புத் திரையின் நடுவே ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பு எழுத்து.

மணிமொழி மூலையிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெட்டி, பெரியப்பா மகன் மணிவண்ணன் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். சினிமாக்கள், கல்யாண வீடியோக்கள், தம்பியின் கார்ட்டூன்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். வேண்டியதை டி.வி.யில் தேடிப் பார்க்கலாம். அதெல்லாம் போனால்கூடப் பரவாயில்லை. தோழி சிந்தாமணியின் சிலம்ப வீடியோ அதில்தான் இருந்தது.

மாவட்டப் போட்டிக்கு அந்த வீடியோவை இன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். மறுபடி எடுக்கவும் வழியில்லை. நேற்று சைக்கிளிலிருந்து விழுந்த சிந்தாமணி, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். "போன்ல எடம் இல்லன்னா எங்க பெட்டியில போட்டுட்டு போன்லேருந்து அழிச்சுடுடி. பத்திரமா இருக்கும்" என்று ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷி மாதிரிச் சொன்னது வேறு யாருமில்லை, மணிமொழியேதான்.

அடுத்த தெருவுக்கு ஓடிப்போய் மணிவண்ணனை இழுத்து வந்தாள். அவன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். கீபோர்டைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு. அது எழுதிக்கிட்டு இருக்கறப்ப பிளக்கப் புடுங்கியிருக்க."

"இடி இடிச்சுதுண்ணே..." மணிமொழியின் குரல் உடைந்தது.

"சரி, அழுவாத. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடுவோம். சினிமாவெல்லாம் மறுபடி ஏத்திக்கலாம்."

"சினிமாவ ஏத்திக்கலாம். சிந்தாமணி சிலம்பத்த? அவ கையில மாவுக்கட்டு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்கண்ணே. மொதல்ல சொல்லுங்க, டேட்டாபேஸ்னா என்னா?"

"எந்தப் படம் எங்க இருக்கு, அதுக்கு என்ன பேரு, எது வரைக்கும் பாத்தோம், எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கிறது."

"அப்ப படம் அதுக்குள்ள இல்லியா?"

"இல்ல, படமெல்லாம் தனியா ஃபோல்டர்ல..." மணிவண்ணன் பாதியில் நிறுத்தினான்.

"எங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ் மழையில நனைஞ்சா, பசங்க காணாமப் போயிடுவாங்களாண்ணே?"

மணிவண்ணன் தலையைச் சொறிந்தான். "நல்லவேளை கையப் புடிச்ச" என்றபடி ஃபோல்டரைத் திறந்தான்.

உள்ளே வெறும் எண்களே பெயராக, ஏகப்பட்ட வீடியோக்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டவை மட்டும் இரண்டு. முதல் வீடியோவில், தம்பி பரணிதரன் ஆட்டுக்குட்டிக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது திறக்கவே இல்லை. திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

இதுவும் கெட்டிருந்தால் சிந்தாமணியின் முகத்தில் எப்படி விழிப்பது?

விர்ரென்று கம்பு சுழலும் சத்தம் கேட்டது. திரையில் சிந்தாமணி.

"அப்பாடா" என்றான் மணிவண்ணன். "இப்ப பெட்டிய சரி பண்ணிடலாம்."

"இருங்கண்ணே. மொதல்ல இத பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுங்க."

எடுத்தான். பிறகு கெட்டுப்போன டேட்டாபேஸை அழிக்காமல் ஓரமாக ஒதுக்கி வைத்தான். பெட்டி தானாகவே முந்தாநாள் எடுத்து வைத்திருந்த நகலை அந்த இடத்தில் போட்டான். டி.வி.யில் ஒவ்வொன்றாகப் படங்கள் திரும்பி வந்தன.

அந்த நேரம் பார்த்து, கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சிந்தாமணி உள்ளே வந்தாள்.

"வீடியோ குடுடி. சிலம்ப மாஸ்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

மணிவண்ணன் அப்போதே மாஸ்டருக்கு அனுப்பினான். 'கிடைத்தது' என்று அவரிடமிருந்து பதிலும் வந்தது. அதற்குமேல் மணிமொழியால் அடக்க முடியவில்லை. இடியிலிருந்து சுற்றிய வட்டம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ரொம்பப் பயந்துட்டேன்டி. நீ என்கூடப் பேசவே மாட்டன்னு நெனச்சேன்."



"நானா இருந்தா அழுதுக்கிட்டே உக்காந்திருப்பேன்" என்றாள் சிந்தாமணி. "சரி, அத டி.வி.யில போடு. பெருசா நான் பாத்ததே இல்ல."

மணிமொழி போட்டாள். இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் கம்பு சுழலச் சுழல, சிந்தாமணியின் இடது கையும் காற்றில் சுழல ஆரம்பித்தது. மணிமொழி தலையில் அடி விழாதபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.